வணிக மேலாண்மைப் பட்டம் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தேர்வு முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்போது, உறவினர் வீடுகளிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, பையன் பிசினஸ் எடுக்கிறேன் என்கிறான், எடுக்கலாமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. நான் கல்வியாளன் அல்லன். பட்டயச் சான்றிதழுடன் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வயதைக் கடந்த பிறகு மாலை வகுப்புகளுக்குச் சென்று வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றேன். இப்போது அதே துறையில் புதியவர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கும் இடத்தில் அமர்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பதில்களை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணிக மேலாண்மை என்ற பெயரில் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், செயல்பாட்டு நிர்வாகம், வணிகச் சட்டம், பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றை முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லாருக்கும் பொதுவாகக் கற்பிக்கிறார்கள். அதன் பிறகு மாணவர் ஏதேனும் ஒன்றைத் தம் சிறப்புத் துறையாகத் தேர்ந்தெடுக்கிறார். பாடப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு, "இதெல்லாம் பொது அறிவுதானே" என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சிறு கணக்கு என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

தேக்கா பக்கம் ஒருவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உள்ளூர்ப் பணியாளர் இருவருக்கு ஆளுக்கு 2,400 வெள்ளி சம்பளம். அதன்மேல் முதலாளி கட்ட வேண்டிய மத்திய சேமநிதி (மசேநி) எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கான சந்தா 17 விழுக்காடு, அதாவது 816 வெள்ளி. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இன்ன பிற எல்லாம் சேர்ந்து 1,384 வெள்ளி. ஆக, ஒரு சாப்பாடுகூட விற்காவிட்டாலும் மாதம் 13,000 வெள்ளி கையைவிட்டுப் போகும். ஒரு சாப்பாட்டை 8 வெள்ளிக்கு விற்கிறார்; அரிசி, காய்கறி, இறைச்சி, பொட்டலம் எல்லாம் 3 வெள்ளி. மிஞ்சுவது 5 வெள்ளி. 13,000ஐ 5ஆல் வகுத்தால் 2,600 சாப்பாடு. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் நாளுக்குச் சரியாக 100. நூறாவது சாப்பாடு வரை வாடகைக்காகவும் சம்பளத்துக்காகவும் உழைக்கிறார். நூற்றொன்றாவது சாப்பாட்டிலிருந்துதான் தமக்காக உழைக்கிறார்.

இவ்வளவையும் அனுபவமுள்ள எந்தக் கடைக்காரரும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். அடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். உணவு விநியோகச் செயலி ஒன்று விற்பனை விலையில் 30 விழுக்காட்டைக் கழிவாக எடுக்கிறது என்றால், அந்த வழியாக விற்கும் சாப்பாட்டில் 5 வெள்ளி மிஞ்சாது, 2 வெள்ளி 60 காசுதான் மிஞ்சும். விற்பனையில் பாதி செயலி வழியாகப் போகத் தொடங்கினால், சராசரியாக மிஞ்சுவது 3 வெள்ளி 80 காசு. அப்போது நட்டம் இல்லாமல் தப்பிக்கவே நாளுக்கு ஏறக்குறைய 132 சாப்பாடு விற்க வேண்டும். கூட்டம் கூடுகிறது, அடுப்பு அணைவதில்லை, ஆனால் மாதக் கடைசியில் கல்லாவில் பணமில்லை என்று புலம்பும் கடைகள் பலவற்றின் கதை இதுதான். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான் மேலாண்மைப் படிப்பு தருகிறது. நல்ல ஆசிரியரிடம் படித்தால் அது தரும். மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெற்றால் தராது.

கேள்வி: பட்டம் இருந்தால் வேலை கிடைத்துவிடுமா?

சிங்கப்பூரில் இதற்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசு மானியம் பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு நடத்தி, இறுதித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், எவ்வளவு சம்பளம் பெற்றார்கள் என்பதைப் பாடம் பாடமாக வெளியிடுகின்றன. 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்தவர்கள் 79.5 விழுக்காட்டினர்; முந்திய ஆண்டில் அது 84.1 விழுக்காடு. அவர்களின் இடைநிலை மாதச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் அளவு, 4,500 வெள்ளி. இவை எல்லாத் துறைகளுக்குமான மொத்தக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது மொத்தக் கணக்கு அன்று. நீங்கள் சேர நினைக்கும் பட்டத்தின் வரியைக் கண்டுபிடித்துப் படியுங்கள். அதிலும் இடைநிலைச் சம்பளத்தோடு நிறுத்திவிடாமல், பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் 25ஆவது நூற்றுமானத்தையும் பாருங்கள். கீழ்க்கால் பகுதியில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்பதை அதுதான் சொல்லும். வீட்டில் எல்லாரும் நம் பிள்ளை மேற்பாதியில்தான் இருப்பான் என்று வைத்துக்கொண்டே பேசுகிறோம்.

நேர்காணலில் நான் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், சட்டம், கட்டடப் பொறியியல் ஆகியவற்றில் பட்டம் என்பது அந்தத் தொழிலுக்குள் நுழையும் அனுமதி. மேலாண்மைக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. வரலாறு படித்தவரும் வேதியியல் படித்தவரும் அதே வேலைக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே மேலாண்மைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருபவரின் விண்ணப்பம் மெலிந்து நிற்கிறது. அதோடு கணக்கியல், தரவுப் பகுப்பாய்வு, தளவாடம், ஒரு தென்கிழக்காசிய மொழி, ஓராண்டு கடை அனுபவம் என்று ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வருபவருடையது எழுந்து நிற்கிறது. சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஓர் இளையர், பல்கலைக்கழக விடுமுறைகளில் தம் மாமாவின் காய்கறி மொத்த வியாபாரத்துக்காகப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் சரக்கு இறக்கியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது தாழ்வான வேலை, சொல்லலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். அழுகிப்போகும் சரக்கை எந்த வரிசையில் வெளியேற்ற வேண்டும் என்று அவர் விளக்கிய ஐந்து நிமிடம்தான் அவருக்கு வேலை வாங்கிக்கொடுத்தது.

கேள்வி: தனியார் கல்வி நிலையத்தில் படிக்கும் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

அதிகம் கேட்கப்படுவதும், பதில் சொல்ல எனக்கு அதிகம் தயக்கம் தருவதும் இக்கேள்விதான்.

முதலில் நிலவரம். இங்குள்ள தனியார் கல்வி நிலையங்களில் பெரும்பாலானவை தாங்களே பட்டம் வழங்குவதில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து, அவற்றின் பட்டத்துக்கான வகுப்புகளை நடத்துகின்றன. 1964இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் இவற்றுள் ஒன்று. அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரின்கீழ் இயங்கும் தனியார் கல்விக் குழு இந்நிலையங்களைப் பதிவு செய்கிறது. "பதிவு பெற்றது" என்பது அந்நிலையம் சட்டப்படி நடத்தப்படுகிறது என்பதற்கு அடையாளம். பட்டத்தின் தரத்துக்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் மைய அமைப்பு எதுவும் சிங்கப்பூரில் கிடையாது. ஏற்பதும் ஏற்காததும் வேலை கொடுப்பவரின் முடிவு. இந்த ஒரு விவரம் தெரியாமல் கையெழுத்திட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எண்கள். 2023, 2024ஆம் ஆண்டுகளில் தனியார் நிலையங்களில் பட்டம் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வில், முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்களின் இடைநிலைச் சம்பளம் 3,500 வெள்ளி. முன்சொன்ன 4,500 வெள்ளியோடு ஒப்பிட்டால் ஆயிரம் வெள்ளி இடைவெளி. ஆனால் இந்த ஆயிரமும் சான்றிதழால் வந்தது என்று கொள்வது பிழை. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுபவர்கள் சேரும்போதே கூடுதல் மதிப்பெண்ணோடு சேர்பவர்கள்; அவர்களுக்கு வேலைப்பயிற்சி பாடத்திட்டத்திலேயே கட்டாயமாகவோ எளிதாகவோ அமைந்திருக்கிறது. தனியார் நிலைய மாணவர் அதைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். தேடிக்கொண்டவர்கள் என் அலுவலகத்திலேயே இருவர் இருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறார்கள்.

என் கருத்து இது: வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவருக்குத் தனியார் பட்டம் பயன்படும், ஏனென்றால் அவரிடம் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு, வேலை அனுபவம் எதுவுமின்றி, முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டி, பொதுவான மேலாண்மைப் பட்டம் ஒன்றை முழுநேரமாகப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்வது என்று முடிவாகிவிட்டால், மாணவர் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து 7 வேலை நாள் வரை மனம் மாறி விலகிக்கொள்ள அதில் இடமுண்டு. கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உங்கள் பணம் காக்கப்படுகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, "இன்றைக்கே கட்டினால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி" என்ற பேச்சில் மயங்கி, கண்காட்சிக் கூடத்திலேயே நின்றபடி கையெழுத்திட்டார். எட்டாவது வேலை நாளில்தான் அவருடைய அக்காவுக்கு விவரமே தெரியவந்தது.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்தாகிவிட்டது. உடனே பட்டமா, வேலையா?

மதிப்பெண் சராசரி நன்றாக இருந்து, தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தால் படியுங்கள். வணிகப் பட்டயத்தை வைத்துச் சில பாடங்களுக்கு விலக்கும் பெறலாம். எத்தனை பாடம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். இடம் கிடைக்கவில்லை என்றால் அவசரப்படாமல் இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் போங்கள். தேசிய சேவை முடித்து வரும் ஆண்பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு ஆண்டு பின்தங்கிவிட்டதாகப் பதறுகிறார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு அந்த இரண்டு ஆண்டை எந்த முதலாளியும் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போன பிறகு சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகச் சேரும் வழி திறந்தே இருக்கிறது. வாரத்தில் சில மாலைகள், நான்கு ஐந்து ஆண்டுகள். கடினம்தான். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பலகாரம் சுடும் வாசனைக்கு நடுவே ஒப்படைப்பு எழுதிய அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் பகலில் கிடங்கில் பார்த்ததை இரவில் பாடத்தில் படிக்கும்போது ஒட்டிக்கொள்வது போல், வெறும் வகுப்பறையில் ஒட்டுவதில்லை.

கேள்வி: செலவு எவ்வளவு? மசேநி பணத்தை எடுக்கலாமா?

குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் போக, தன்னாட்சிப் பல்கலைக்கழக வணிகப் பட்டத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளியை ஒட்டிய கட்டணம் வரும். கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடன் பெறலாம். படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. பெற்றோரின் மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து எடுப்பதும் ஒரு கடனே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்த ஓராண்டில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், 12 ஆண்டு வரை தவணை உண்டு, வட்டியும் உண்டு. அப்பா அம்மாவின் ஓய்வுக்காலப் பணம் அது. அத்துடன், இந்தத் திட்டம் மானியம் பெற்ற முழுநேரப் படிப்புகளுக்குத்தான். தனியார் நிலையங்களின் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. குடும்ப வருமானம் குறைவென்றால் பல்கலைக்கழக உதவிநிதியையும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் முதலில் அணுகுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுபவர்கள் நம்மவர்களில் அதிகம்.

கேள்வி: அப்பாவுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. மகனோ மகளோ மேலாண்மை படித்து என்ன ஆகப்போகிறது?

கடை வைக்கப் பட்டம் தேவையில்லை. வணிகங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான அக்ராவில் தனிநபர் வணிகத்தை ஓராண்டுக்குப் பதிவு செய்ய 115 வெள்ளி போதும். அங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மேலாண்மையைப் பள்ளிக்கூடம் இல்லாமலே கற்றுக்கொடுத்த முறையும் நம்மிடையே இருந்திருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (தொழில்கூடங்களில்) நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய காலத்தில், ஊரிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) தொடங்கி, கடிதம் எழுதி, சில்லறை எண்ணி, பேரேடு பழகி, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாகக் கடைப்பொறுப்பை ஏற்பான். அவன் போட்ட ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கை) இன்றைய கணக்கியல் விரிவுரையாளர் பார்த்தாலும் புரிந்துகொள்வார். ஆகவே கடை நடத்தக் கடைதான் முதல் ஆசான்.

ஆனால் அந்தக் கடையை இரண்டாவது கிளைக்குக் கொண்டுபோகும்போதும், வங்கியிடம் கடன் கேட்கும்போதும், ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டிவரும்போதும், அப்பாவின் மனக்கணக்கு திணறத் தொடங்கும். அந்த நிலையில் படித்த பிள்ளை கைகொடுக்கும். பட்டம் வாங்கி வந்த பிள்ளை முதல் மாதமே கடையை மாற்றியமைக்கக் கிளம்பாமல், ஆறு மாதம் கல்லாவில் உட்கார்ந்தால் நல்லது.

கேள்வி: கணக்கியலா, மேலாண்மையா?

இரண்டும் பிடித்திருந்தால் கணக்கியல். பட்டயக் கணக்காளர் என்ற தொழில்தகுதிக்கு அது நேர்வழி; கணக்காளர் பின்னாளில் மேலாளராகலாம், மேலாளர் பின்னாளில் கணக்காளராவது அபூர்வம். எண்களைக் கண்டாலே ஒவ்வாதவர்கள் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் மேலாண்மையிலும் எண்களிடமிருந்து தப்ப முடியாது.

கேள்வி: எம்பிஏ படித்தால் நல்லதா?

இளநிலைப் பட்டம் முடித்த கையோடு வேண்டாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் முழுநேர எம்பிஏவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. சேர்பவர்கள் பலருக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே வளாகம் நடத்தும் பிரெஞ்சு வணிகப் பள்ளியான இன்சியாட், பத்து மாதத்தில் படிப்பை முடித்துவிடுகிறது. இத்தகைய இடங்களில் நீங்கள் வாங்குவதில் பாதி பாடம், மறுபாதி உடன்படிப்பவர்களின் தொடர்பு. பெயர் தெரியாத நிலையத்தில் இணையவழியாக வாங்கும் எம்பிஏவில் அந்த மறுபாதி கிடைக்காது.

கேள்வி: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனிப் படிப்பதில் பொருள் உண்டா?

உண்டு, ஆனால் முழுப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கூடுதல் நிதி வரவு வைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், காலாவதி கிடையாது. வேலையைவிட்டு முழுநேரமாகப் படிக்கத் துணிந்தால், முந்திய வருமானத்தில் பாதி, மாதத்துக்கு 3,000 வெள்ளி உச்சவரம்புடன், பயிற்சிப்படியாகப் பெறவும் திட்டம் உண்டு. மேற்பார்வையாளராகப் பல ஆண்டு இருந்து, "பட்டம் இல்லை" என்ற ஒரே காரணத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பட்டத்துக்குப் போங்கள். அதை உறுதிசெய்ய வழி, மேலதிகாரியிடம் நேராகக் கேட்பதுதான்.

கேள்வி: இந்தியாவில் இருக்கும் அண்ணன் மகன் இங்கு வந்து படித்து, இங்கேயே வேலை தேடலாம் என்கிறான். சரியா?

இரண்டு எண்களை அவனுக்குச் சொல்லுங்கள். 2025 ஜனவரி முதல், வேலை அனுமதி அட்டைகளில் உயர்தகுதிக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி; நிதித்துறையில் 6,200. வயது கூடக் கூட அதுவும் கூடும். 2024இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் புதிய பட்டதாரியின் இடைநிலைச் சம்பளமோ 4,500. மற்ற வகை அனுமதி அட்டைகளுக்கு நிறுவனங்களுக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. கல்வி அமைச்சின் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யவும் கடமைப்பட்டவர். இவ்வளவும் தெரிந்த பிறகும் வருகிறேன் என்றால் வரட்டும். "போனால் வேலை நிச்சயம்" என்று முகவர் யாராவது சொல்லியிருந்தால், அந்த முகவரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தைப் பொதுமக்கள் சென்று பார்க்கும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நாளுக்குப் போகிறோம். என்ன கேட்பது?

கட்டணமும் மதிப்பெண் வரம்பும் இணையத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சாவடியில் நிற்கும் மாணவரை ஓரமாக அழைத்து, வேலைப்பயிற்சி இடத்தைப் பள்ளி பிடித்துக்கொடுத்ததா, தாமே தேடினாரா என்று கேளுங்கள். குழுப்பணியில் வேலை செய்யாதவரை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் எந்தச் சிறப்புத் துறைக்கு இடம் கிடைக்காமல் போகிறது என்பதையும் கேளுங்கள். பிள்ளை கேட்கட்டும், நீங்கள் இரண்டடி தள்ளி நின்று, கொடுக்கும் பையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.